கைதவறிப் போனதாக நான் சொன்ன படம்

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதை எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடும் பழக்கம் எனக்கு உண்டு. இன்றைக்கு அதைச் செய்யப்போவதில்லை. நோட்டில் ஓரத்துக்குக் கோடு போட்டு, தேதி போட்டு, இடம் என்ற இடத்தில் ‘சிதம்பரம், டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே உள்ள கூடம்’ என்று எழுதியிருக்கிறேன். ஆறாம் வகுப்பில் வந்த வழக்கம், இன்னும் போகவில்லை. உன் அப்பாவை உள்ளே படுக்கவைத்து மிஷினில் போட்டுவிட்டார்கள். நான்கு மணி நேரம் ஆகும். நான் எழுதப்போவதற்கும் அவ்வளவு நேரம் தேவைப்படும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஹைதராபாத்திலிருந்து பேசினாய். ஸ்ரீமுஷ்ணத்தில் மண்டபம் உறுதியானதைச் சொன்னாய், சாப்பாட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாய், மருமகளின் ஊரிலிருந்து எத்தனை வண்டி வரும் என்று சொன்னாய். வைக்கப்போகும் நேரத்தில்தான் சொன்னாய்: “அம்மா, ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. கல்யாணத்தன்னிக்கி நீ கேமராவத் தூக்கிகினு வராத. போட்டோக்காரங்க ரெண்டு பேரு வராங்க.” நான் “சரிப்பா” என்று சொல்லிவிட்டு, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கே திரும்பப் போய் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. நான்கு வருடமாக என் போன் கேமராவுக்கு முன்னால் நீ நின்றதில்லை. நான் அதைக் கையில் எடுத்தால் நீ வேறு அறைக்குப் போய்விடுவாய். அதற்குக் காரணமான ஒரு படத்தை நீயும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பற்றி நான் உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால், நான் ஏன் படம் எடுக்கப் பழகினேன் என்பதிலிருந்து சொல்ல வேண்டும்.

நீ கோயம்புத்தூரில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. செம்மண்டலத்தில் அவருடைய டூவீலர் ஒர்க்‌ஷாப்பைப் பாதி நாள் மூடவேண்டி வந்தது. வாரத்துக்கு மூன்று நாள் காலை ஆறரைக்குச் சிதம்பரம் பஸ். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் சான்றிதழ்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவரோடு வந்தேன். போனில் உன்னிடம் “அப்பா நல்லாருக்கார், ஜாஸ்தி ஒன்னுமில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த முதல் இரண்டு மாதம் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் இருந்த கைகழுவும் முறை பற்றிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஏழு கட்டம் இருக்கும். ஏழாவது கட்டம் முடிந்தால் முதல் கட்டத்துக்குத் திரும்பிவிடுவேன். பக்கத்து நாற்காலிப் பெண்கள் தங்கள் வீட்டுக்காரருக்கு எத்தனை வருடம் ஆகிறது என்று பேசுவார்கள். சிலர் பேச்சு நடுவில் நின்றுவிடும். மறுவாரம் அந்த நாற்காலியில் வேறு ஒருத்தி இருப்பாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு நூலகம் இருக்கிறது என்று தெரிந்ததும் அங்கே போக ஆரம்பித்தேன். கதைப் புத்தகம் படிக்கத்தான் போனேன், எழுத்து கண்ணுக்குள் நிற்கவில்லை. ஒருநாள் அடித்தட்டில், நிறுத்தி வைக்க முடியாத அளவுக்கு உயரமாக இருந்ததால் படுக்கவைத்திருந்த மூன்று புத்தகங்களைப் பார்த்தேன். புகைப்படப் புத்தகங்கள். முதலாவதைத் திறந்தேன். ஏதோ குளிர் நாட்டில் ஒரு பெண் சன்னலுக்குப் பக்கத்தில் நின்று படுக்கை விரிப்பை மடிக்கிறாள். அவ்வளவுதான் படம். ஆனால் அந்தத் துணியின் மடிப்புகளில் வெளிச்சம் தண்ணீர் தேங்கினாற்போல் நின்றது. பிறந்ததிலிருந்து விரிப்பு மடிக்கிறேன், கண்ணு. ஒரு நாளாவது அந்த வெளிச்சம் என் வீட்டிலும் விழுந்திருக்கத்தானே வேண்டும். நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்? அன்றைக்கு அந்த ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த நூலகத்து அம்மா, “அந்த புக்க யாரும் தொட்டதே இல்லீங்க. ஆனா வீட்டுக்குக் குடுக்க மாட்டோம், இங்கயேதான் பாக்கணும்” என்றார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மூன்று புத்தகமும் மூன்று பேருடையவை. அவர்களுடைய பெயர்களைச் சரியாக உச்சரிக்க எனக்கு வராததால், நானே பெயர் வைத்துக்கொண்டேன். விரிப்பு மடிக்கும் பெண்ணை எடுத்தவர் சன்னல்காரர். அவர் படங்களில் எல்லோரும் ஒரு சன்னலுக்குப் பக்கத்தில்தான் இருப்பார்கள். இரண்டாமவர் முதுகுக்காரர். சந்தையிலும் ரயிலடியிலும் மனிதர்களின் முதுகை மட்டுமே எடுத்தவர், ஆனால் ஒவ்வொரு முதுகும் ஒரு முகம் மாதிரி இருக்கும். மூன்றாவது ஒரு பெண், வீட்டம்மா. இருபது வருடம் தன் வீட்டு வாசலைத் தாண்டாமல், பாத்திரம் கழுவும் தொட்டி, பிள்ளைகள், கணவர், நாய் என்று எடுத்தவர். இந்த மூன்று பேரிடமும் நான் சேர்ந்துவிட்டேன். அவர்களுக்கு அது தெரியாது.

நான் எழுத்துப் பழகியது பார்த்து எழுதித்தான். மேல் வரியில் அச்செழுத்து இருக்கும், கீழ் வரியில் நாம் அதே மாதிரி எழுத வேண்டும். படத்தையும் அப்படித்தான் பழகலாம் என்று தோன்றியது. நோட்டில் ஒரு கட்டம் போட்டு, புத்தகத்துப் படத்தைப் பென்சிலால் வரைந்துகொள்வேன். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அங்கே ஓர் அம்புக்குறி. எடுத்தவர் நின்றிருக்கக்கூடிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. பிறகு நீ புது போன் வாங்கியபோது விட்டுப்போன பழைய போனை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி ஒரு காட்சி எங்கே கிடைக்கும் என்று தேடுவேன். ஆஸ்பத்திரி ஆயா விரிப்பு மடிக்கும் நேரத்தைக் கண்டுபிடித்து, சன்னலோரமாக எடுத்தேன். என் படம் செத்த மீன் மாதிரி இருந்தது. மறுநாள் போய்ப் புத்தகத்தைப் பார்த்தேன். சன்னல் விளிம்பு அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே தெரிந்தது. அப்போதுதான் புரிந்தது, அவர் நின்று எடுக்கவில்லை. மண்டி போட்டிருக்கிறார். பெயர் சொல்லத் தெரியாத ஒரு மனிதர், எந்தக் காலத்திலோ, எந்த ஊரிலோ, ஒரு பெண் துணி மடிப்பதைப் பார்ப்பதற்காக முட்டியை மடித்துத் தரையில் வைத்திருக்கிறார். நான் அந்தப் பெருக்கல் குறியை அழித்துவிட்டுக் கீழே போட்டேன்.

அடுத்த முறை வார்டு வராந்தாவில் மண்டி போட்டேன். ஆயா பதறிப்போய், “இன்னாம்மா, கம்மல் திருகாணி உழுந்துடுச்சா?” என்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல் “ஆமா” என்று சொல்லிவிட்டேன். உடனே அவளும், துணைக்கு வந்திருந்த நான்கு பெண்களும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்கள். “தங்கமா?” “பின்ன?” “நல்லாப் பாரு, பெஞ்சுக்கு அடியில உருண்டிருக்கும்.” என் இரண்டு கம்மலும் காதிலேயே இருந்தன. கிழக்குச் சன்னல் வெயில் அந்த ஐந்து முதுகிலும் சாய்வாக விழுந்தது. முதுகுக்காரர் பார்த்திருந்தால் அழுதிருப்பார். நான் எடுத்துவிட்டேன். என் முதல் நல்ல படம் அதுதான். யாரென்றே தெரியாத ஒருத்தியின் திருகாணிக்காக, தங்கள் கவலையை நாற்காலியில் விட்டுவிட்டு வந்து குனிந்த முதுகுகள். அந்தப் படமும் ஒரு பொய்யில்தான் கிடைத்தது என்பதை எழுதிவைக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டம்மாவைப் பார்த்து எடுப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. நம் வீட்டில் எடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், காலையில் ஒரு பாட்டிலில் அளந்து சமையல்கட்டு மேடையில் வைத்துவிடுவேன். அன்றைக்கு முழுவதும் காபியோ தண்ணீரோ அதிலிருந்துதான். ஒரு காலை, பாட்டில் வழியாக வந்த வெயில் சுவரில் விழுந்து நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அளவு வெளிச்சம், உயிருள்ளது மாதிரி. அப்பா கண்ணால் அளந்து அளந்து குடிக்கிற தண்ணீருக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பதினோரு படம் எடுத்தேன். அப்பா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, “தண்ணியப் படம் புடிக்கறா. குடிக்கக் கேட்டா மட்டும் குடுக்க மாட்டா” என்றார். பிறகு போனை வாங்கி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஒர்க்‌ஷாப்பில் இஞ்சின் சத்தத்தைக் கேட்பாரே, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அப்படிப் பார்த்தார்.

ஆனால் அவரை எடுக்க மட்டும் விடவில்லை. நான் போனைத் தூக்கினாலே கையை முகத்துக்கு முன்னால் நீட்டிவிடுவார். “மாட்டறதுக்குத்தான? அதுக்குக் கல்யாணப் போட்டோ இருக்குது. அதுல நல்லா மீசையோட இருக்கறேன், அதப் பெருசு பண்ணிக்க. இந்த மூஞ்சி வாணாம்.” நம் பக்கத்தில் நோயாளியைப் படம் எடுப்பதை ஏன் யாரும் விரும்புவதில்லை என்று உனக்குத் தெரியும். வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கிற படங்களில் பாதி, கடைசி நேரத்தில் அவசரமாக எடுத்தவை. அவரை எடுக்கமாட்டேன் என்று அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். சன்னல்காரரின் புத்தகத்தில் கடைசிக்கு முந்திய படம், வேலை முடிந்து வந்து படுத்துத் தூங்கும் ஒரு கிழவர். முகத்தின் ஒரு பாதியில் சன்னல் வெளிச்சம், இன்னொரு பாதி நிழல். வாய் லேசாகத் திறந்திருக்கும். நோட்டில் அதை ஆறு தடவை வரைந்திருந்தேன். அன்றைக்குக் காலை பத்தேகால் மணிக்கு, ஏதோ எடுத்துவரச் சொல்லி நர்ஸ் என்னை உள்ளே அழைத்தார். அப்பாவின் கட்டில் அன்று சன்னலோரம். மார்பு வரை வெள்ளை விரிப்பு. தூங்கிக்கொண்டிருந்தார். அம்புக்குறி எங்கே போட்டிருந்தேனோ அங்கிருந்தே வெளிச்சம் வந்தது. பெருக்கல் குறி எங்கே இருந்ததோ அந்த இடம் காலியாக இருந்தது. நான் மண்டி போட்டேன். எடுத்தேன். ஒரே ஒரு படம்.

வெளியே வந்து பார்த்தேன். புத்தகத்தில் இருக்கிற படமே என் கையில் இருந்தது. புத்தகம் கறுப்பு வெள்ளை என்பதால் நானும் வண்ணத்தை நீக்கினேன். மிஷினின் குழாய் ஓரத்தில் தெரிந்தது, அதை வெட்டினேன். இதையெல்லாம் செய்ய ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். பிறகு நம் குடும்ப குரூப்பைத் திறந்து, உன் அத்தைகள், சித்தப்பாக்கள், என் தம்பி, நீ, எல்லோரும் இருக்கிற அந்த குரூப்பில், ஒரு வார்த்தையும் எழுதாமல் படத்தைப் போட்டேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பள்ளிக்கூட ஆபீஸில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவள் என்ன செய்திருக்கிறாள் என்று பார்க்கட்டும். கை தவறவில்லை, மகனே. நானேதான் அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு போனைச் சத்தமில்லாமல் வைத்து, நூலகத்துக்கு ஓடினேன். என் படத்தையும் புத்தகத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற அவசரம். இரண்டு மணி நேரம் பார்த்தேன். நடுவில் திரையின் மேலே யார் யாரோ கூப்பிடுவதாகப் பெயர்கள் வந்து போயின. வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டேன். உன் பெயரும் வந்தது. ஒன்பது தடவை. நீ கோயம்புத்தூரில் வேலைக்கான இரண்டாம் சுற்று நேர்காணலில், உன் முறைக்காக வெளியே உட்கார்ந்திருந்தவன், எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிய நேரம் அது. நீ அந்த நேரத்தில் என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் என்பதை நான் இந்த நான்கு வருடத்தில் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் அந்த நேரத்தில் அந்தக் கிழவரின் மூக்கு நிழலுக்கும் உன் அப்பாவின் மூக்கு நிழலுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டரை மணிக்கு அப்பாவைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டிவந்தேன். ஒரு வேன் நின்றது. அதிலிருந்து என் தம்பி, உன் சேத்தியாத்தோப்பு மாமா, இறங்கினான். தோளில் ஆள் உயர ரோஜா மாலை. இன்னொரு கையில் ஒரு துணிக்கடைப் பை. அவன் பெண்டாட்டி தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வேனிலிருந்தே அழுதுகொண்டு இறங்கினாள். எங்கள் இருவரையும் பார்த்ததும் அழுகை பாதியில் நின்றது.

“மாமா” என்றான் தம்பி.

அப்பா மாலையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னா மச்சான், மாலையெல்லாம் பலமா இருக்குது. யாருக்கு?”

“இல்ல மாமா… அக்கா குரூப்ல ஒரு போட்டோ… கறுப்பா, கண்ண மூடிகினு… எல்லாரும் கெளம்பிட்டாங்க. அத்தைங்க வண்டி ஸ்ரீமுஷ்ணத்துல இருந்து வந்துகினு இருக்குது.”

“பையில இன்னா?”

தம்பி பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். எனக்குத் தெரிந்துவிட்டது. புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து போடுகிற கோடிப் புடவை. அவனை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவன் சேத்தியாத்தோப்புக் கடையில் நின்று, அக்காவுக்கு இந்தப் புடவைதான் என்று எடுத்துக் கொடுத்திருக்கிறான், அந்தக் காலையில், என் ஒரு விரலால்.

அப்பாதான் கையை நீட்டினார். “காட்டு. அட, கலரு நல்லாத்தான் இருக்குது. ஆத்துல கீத்துல உட்டுடாத, கட்டிக்கட்டும். மாலையக் குடு. எனக்குன்னு வாங்கியாந்தத வேற யாருக்குப் போடப் போற?”

“வாணாம்ண்ணா, ஆவாதுண்ணா” என்று தம்பி பெண்டாட்டி தடுத்தாள். அவர் கேட்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு மாலையை வாங்கித் தலை வழியாக மாட்டிக்கொண்டார். “கனமாத்தான் இருக்குது. போனவனுக்கு ஏன்டா இவ்ளோ கனத்தப் போடறீங்க?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “இப்பப் புடிடி. மாலையோட நின்னுகினு இருக்கறேன். இதப் போடு குரூப்புல.” எடுத்தேன். அவர் தானாகக் கேட்டு நான் எடுத்த ஒரே படம் அது. என் கை ஆடியதில், மாலை மட்டும் சிவப்பாகக் கலங்கித் தெரிகிறது, முகமே இல்லை. அதைத்தான் குரூப்பில் போட்டேன். எல்லோரும் வந்தார்கள், திட்டினார்கள், வாசலிலேயே டீ குடித்தார்கள், போனார்கள். உனக்கு மட்டும் செய்தி சேரவில்லை. உன் போன் அணைந்திருந்தது.

நீ விளக்கு வைத்த பிறகு செம்மண்டலம் வீட்டுக்கு வந்தாய். வெள்ளைச் சட்டை, பையில் சுருட்டித் திணித்த டை. அப்பா உப்பில்லாத தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “வாடா. இன்டர்வியூ முடிஞ்சிடுச்சா?” என்றார். நீ ஷூவோடு உள்ளே வந்து, அவர் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாய். சூடு இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாய். அது வெகுநேரம் ஓடியது. வெளியே வந்து என்னைக் கேட்டாய். “எப்டிம்மா அந்தப் படம் குரூப்புக்கு வந்துச்சி?”

“கைதவறிப் போயிடுச்சிப்பா. எதையோ அமுக்கிட்டேன்.”

“நெஜமாவே கைதவறியா?”

“நெஜமாத்தான் கண்ணு.”

நீ அதற்குப்பிறகு அதைப்பற்றிக் கேட்கவே இல்லை. மறுநாள் குரூப்பிலிருந்து விலகினாய். வேறு வேலை கிடைத்தது, ஊர் மாறினாய், வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் பேசுகிறாய். மாத்திரை, பஸ், மழை என்று எல்லாம் கேட்கிறாய். ஆனால் வாசலில் நின்று பேசுகிற மாதிரிதான் பேசுகிறாய், உள்ளே வருவதில்லை. அந்த வேலை போனதற்காகத்தான் கோபம் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இன்று காலை பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்போது, நீ கேமரா வேண்டாம் என்று சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். பிறகு என்ன தோன்றியதோ, அந்தப் படம் கைதவறிப் போகவில்லை, வேண்டுமென்றே அனுப்பினேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “தெரியும்” என்றார்.

“எப்ப தெரியும்?”

“அன்னிக்கே தெரியும். கைதவறி அனுப்பறவ கலர எடுத்துட்டு, ஓரத்த வெட்டிட்டா அனுப்புவா? அவன் கம்ப்யூட்டர் படிச்சவன்டி. ராத்திரி எங்கிட்ட வந்து, அம்மா பொய் சொல்லுதுப்பான்னான்.”

“நீங்க ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“நீயே சொல்லுவேன்னு ரெண்டு பேரும் பாத்தோம். நாலு வருஷம் ஆயிடுச்சி.”

கொஞ்ச தூரம் போன பிறகு அவரே மறுபடி பேசினார். “படம் நல்லாத்தான் இருந்துது. நான் அவ்ளோ நிம்மதியாத் தூங்கறேன்னு எனக்கே தெரியாது. என்னை எழுப்பிக் கேட்டிருந்தா, புடிச்சிக்கன்னு சொல்லிட்டு மறுபடியும் தூங்கியிருப்பேன்.”

கேட்டிருந்தால். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். அப்பாவை உள்ளே விட்டுவிட்டு நேராக நூலகத்துக்குப் போய் வீட்டம்மாவின் புத்தகத்தைத் திறந்தேன். இருபது வருடப் படங்கள். அத்தனை தடவை பார்த்தும் நான் பார்க்காத ஒன்று அதில் இருந்தது. அவருடைய பிள்ளைகள் நேராக அவரைப் பார்க்கிறார்கள். ஒருவன் சலித்துக்கொள்கிறான், ஒருத்தி நாக்கை நீட்டுகிறாள், கணவர் “போதும்” என்பது போலக் கையைத் தூக்கியிருக்கிறார், ஆனால் சிரிக்கிறார். எல்லோருக்கும் தெரிந்து எடுத்த படங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நான் அம்புக்குறி போட்டேன். எடுத்தவர் எங்கே மண்டி போட்டார் என்பதற்குக் குறி போட்டேன். எதிரில் இருக்கிறவர் எங்கே பார்க்கிறார் என்பதற்கு ஒரு குறி போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் பார்த்து எழுதியதில் அந்த வரியை விட்டுவிட்டேன். இன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது. நூலகத்து அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து இந்தக் கடிதத்தை எடுத்தேன்.

இன்னும் ஒன்றைச் சொன்னால்தான் முழு உண்மை ஆகும். அந்தப் படத்தை எடுத்த நிமிடத்தில் கட்டிலில் இருந்தவர் உன் அப்பா என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. ஒரு முகம், ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவரை ஒரு நிமிடம் நான் மறந்தேன். அந்த நிமிடத்தின் சந்தோஷம் என் வாழ்க்கையில் நான் அடைந்த பெரிய சந்தோஷங்களில் ஒன்று என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நிமிடத்தில் இருந்தன. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் விரலின் மேல் பழியைப் போட்டேன். படம் எடுத்ததற்காக நான் வருத்தப்படவில்லை என்றால் நீ கோபிப்பாயோ என்னவோ. ஆனால் இன்றைக்குப் பொய் சொல்வதில்லை என்று தொடங்கியிருக்கிறேன்.

நீயும் இனி ஒரு வீட்டை நடத்தப்போகிறாய். யாரும் அதைப் படித்துவிட்டு வருவதில்லை, பார்த்துத்தான் பழக வேண்டும். உனக்குத் தெரிந்த புருஷன் பெண்டாட்டி நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் எங்களைப் பார்த்துத்தான் நீயும் செய்வாய். அப்பா மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டாரே, அதைப் பார்த்துக்கொள். அன்றைக்கு வாசலில் என்னைத் தலைகுனிய விடாமல் காப்பாற்றத்தான் அதைச் செய்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. தெரிந்ததை நான்கு வருடம் சொல்லாமல் வைத்திருந்தார்களே அப்பாவும் மகனும், அதைப் பழகாதே. வரப்போகிறவள் பொய் சொன்னால் தெரிந்த அன்றைக்கே, தெரியும் என்று சொல்லிவிடு. நீ பொய் சொல்லிவிட்டால், விடிவதற்குள் போய் உண்மையைச் சொல்லிவிடு. எங்களுக்கு மனது வந்தபோது, நீ தொலைவில் இருந்து பேசுகிறவனாக ஆகிவிட்டாய்.

கல்யாணத்துக்குக் கேமரா வராது. நீ சொன்னதற்காகவும்தான், எனக்கே தோன்றியதற்காகவும்தான். அன்றைக்கு வருகிற போட்டோக்காரர்கள் எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன், எத்தனை தடவை சிரிக்கச் சொன்னாலும் சிரிக்கிறேன். உன்னை எடுக்கவேண்டும் என்ற ஆசை எனக்குப் போகாது. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் இனிமேல் நான் கேட்பேன், நீ வேண்டாம் என்பாய், நான் சரி என்பேன். அப்படியே காலம் போனாலும் போகட்டும். நீ அன்றைக்கு இரண்டு தடவை கேட்ட கேள்விக்கு மட்டும் என்னுடைய பதில் இது: இல்லை கண்ணு, கை தவறவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

நர்ஸ் கூப்பிட்டார், உள்ளே போய்விட்டு வந்தேன். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ரத்தம் நிற்காது. அது எப்போதும் என் வேலை. இரண்டு விரலுக்கு அடியில் அவருடைய நாடி ஓடுவது தெரியும். கட்டிலில் நான் வைத்த நோட்டைப் பார்த்து “எழுதிட்டியா?” என்றார். எழுதிவிட்டேன் என்றேன். “எல்லாத்தையுமா?” எல்லாவற்றையும் என்றேன். “அப்ப நான் படிக்க வாணாம், அவனுக்கே அனுப்பு” என்று கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிடம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு மதியத்துக்கு மேல் சுற்று இல்லை. ஆட்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், ஆயா கூடத்தைக் கூட்டி முடித்து, விளக்குகளை அணைத்துவிட்டாள்.